அளந்து போடுங்கள், ஐயா!

சிரிப்பு வாயு என்று ஒரு வாயு உண்டு. 1772-ம் வருஷம் ஜோஸப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர் அதைக் கண்டுபிடித்தார். பிற்பாடு ஹம்ப்ரி டேவி என்பவர் அதைத் தாமே முகர்ந்து பார்த்துச் சிரித்தார். நண்பர்களுக்கும் கொடுத்துச் சிரிக்க வைத்தார். அதன் பிறகு பல் வைத்தியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நைட்ரஸ் ஆக்ஸைடு என்பது அதன் சாஸ்திரப் பெயர்.

இதே வாயுவை வயல் மண்ணும் வெளியே விடுகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பயிருக்குப் போடும் தழைச்சத்தில் பாதிகூடப் பல சமயங்களில் பயிருக்குப் போய்ச் சேருவதில்லை. மிச்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று ஏப்பம் விடுகின்றன. அந்த ஏப்பத்தில் ஒரு பங்கு சிரிப்பு வாயு. ஒரு கிலோ கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு அது பூமியைச் சுட வைக்கிறது. மேலே போய் ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. ஒரு தடவை வெளிக் கிளம்பினால் நூறு வருஷத்துக்கு மேல் ஆகாயத்திலேயே குடியிருக்கும். ஆகவே இது சிரிக்கிற விஷயம் அல்ல.

இந்த விஷயத்தில் ஒரு தேசமே சிக்கி விழி பிதுங்கியதை நாம் பார்த்தோம். அது நமக்கு அடுத்த வீடான இலங்கை.

2019-ம் வருஷம் அக்டோபர் மாதம் கொழும்பில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி ஒரு பிரகடனம் செய்தார்கள். வீணாகும் நைட்ரஜனை 2030-க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ‘வீணாகும்’ என்ற சொல்லையும் ‘பாதி’ என்ற சொல்லையும் நேயர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த மாதமே கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். பத்து வருஷத்தில் நாட்டை இயற்கை விவசாயத்துக்குக் கொண்டுபோவதாகத் தேர்தலில் வாக்குக் கொடுத்திருந்தவர் அவர். அவருடைய சர்க்கார் முதலில் நெல் விவசாயிகளுக்கு உரத்தை இலவசமாகவே கொடுத்தது. பிறகு 2021-ம் வருஷம் மே 6-ம் தேதி, ரசாயன உரமும் பூச்சி மருந்தும் நாட்டுக்குள் வரவே கூடாது என்று உத்தரவு போட்டது. நேற்றுவரை சும்மா கொடுத்த பொருள் இன்று விலக்கப்பட்ட சரக்கு! மண்ணின்மேல் வந்த காதல் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. கஜானாவில் டாலர் தீர்ந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் கிளாஸ்கோவில் நடந்த உலகச் சீதோஷ்ண மகாநாட்டின்போது இந்தக் காரியத்தை ஒரு சாதனையாக எடுத்துச் சொன்னார்கள். அந்த நவம்பர் மாதமே தடையை நீக்கவும் செய்தார்கள். ஆனால் பெரும்போகத்துக்கு உரம் வேண்டிய சமயம் கைநழுவிவிட்டது. விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த இயற்கை உரத்தில் தீய கிருமி இருப்பதாகச் சொல்லி அதிகாரிகள் அதை இறக்க மறுத்தார்கள். விற்றவர்கள் அதெல்லாம் இல்லை என்றார்கள். முடிவில், இறக்காத உரத்துக்கு இலங்கை 67 லட்சம் டாலர் அழுதது.

இந்தக் கதையைத் தாம்பரத்தில் சேலையூர் ஏரிப் பக்கம் காலையில் உலாவப் போகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்களில் இரண்டு கட்சி உண்டு. மொட்டை மாடியில் தக்காளிச் செடி வைத்திருப்பவர்கள் ஒரு கட்சி. “கொள்கை சரிதான் சார், அவசரப்பட்டுவிட்டார்கள்” என்பது அவர்கள் வாதம். மற்றவர்கள், “சுற்றுச்சூழல் என்று ஆரம்பித்தால் இப்படித்தான் சோற்றுக்கு லாட்டரி அடிக்க வேண்டும்” என்கிறார்கள். இரண்டு கட்சியுமே தவறு என்பது என் கட்சி.

முதலில் மாடித் தோட்டக்காரருக்குச் சொல்லுகிறேன். சாணி எருவிலும் தழை உரத்திலும் இருப்பது அதே நைட்ரஜன்தான். மண்ணிலுள்ள நுண்ணுயிர், “இது தொழுவத்திலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா?” என்று ஜாதகம் பார்த்துச் சாப்பிடுவதில்லை. மிச்சம் கிடைத்தால் தின்னும். தின்றால் ஏப்பம் விடும். எரு மண்ணுக்கு நல்லது. அதில் தகராறு இல்லை. எருவாகிவிட்டால் வாயு வராது என்பதுதான் பொய்.

இன்னொன்றும் உண்டு. இலங்கையில் விளையாத அரிசியை வேறு யாரோ விளைவித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 2022-ம் வருஷம் மே 18-ம் தேதி நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாட்டு மக்களின் உதவியாக அரிசி ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் கொழும்புக்குக் கிளம்பிற்று. மெத்தச் சரி, பசித்தவனுக்குக் கொடுத்தோம். ஆனால் அந்த அரிசி யூரியா படாத வயலில் விளைந்தது என்று யாராவது சத்தியம் செய்வார்களா? ஆகாயத்துக்குச் சுங்கச் சாவடி கிடையாது. அங்கே விடாத வாயுவை இங்கே விட்டால் பூமிக்கு என்ன லாபம்?

அந்தச் சிறிய தீவு உலகத்தின் வெப்ப வாயுக்களில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட விடுவதில்லை. இந்த அற்பப் பங்குக்காகப் பட்டினி கிடந்தவர்கள் யார்? கிளாஸ்கோவுக்கு விமானம் ஏறியவர்களா? மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள். 2021-ல் இலங்கையில் சுமார் 30 கோடி கிலோ தேயிலை உற்பத்தியாயிற்று. 2022-ல் அது 25 கோடிக்கு இறங்கிவிட்டது. உரம் இல்லாவிட்டால் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லாவிட்டால் கூடை நிறைவதில்லை. கூடை நிறையாவிட்டால் கூலி முழுசாக வருவதில்லை. அந்தக் கூடையைச் சுமப்பவள் நம் ஜில்லாக்களிலிருந்து போனவர்களின் பேத்தி. நாடு நொடித்ததற்குக் கடன், கொரோனா, வரிக் குறைப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் உரத் தடை அவள் தலையில் நேராக விழுந்த அடி.

இதைக் கேட்டதும் மற்றக் கட்சிக்காரர், “பார்த்தீர்களா!” என்று எழுந்துவிடுவார். கொஞ்சம் உட்காருங்கள், ஐயா. யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா? சுண்ணாம்புக்கல் பூமி, மேலே போட்டது நேராகக் கீழே இறங்கும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளிக் கொட்டிய உரம் குடிதண்ணீரில் நைட்ரேட்டாக வந்து நிற்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் பல வருஷங்களாகச் சொல்லி வருகிறார்கள். இலவசம் என்றும் மானியம் என்றும் மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டு அளவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் இதுதான் நடக்கும்.

நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? 2018-ல் யூரியா மூட்டையை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைத்தார்கள். விவசாயி கிலோ பார்ப்பதில்லை, மூட்டைதான் எண்ணுகிறான், ஆகையால் தானாகக் குறைந்துவிடும் என்பது யுக்தி. அளக்கக் கற்றுக்கொடுப்பதற்குப் பதிலாகப் படியைச் சிறிதாக்கிவிட்டார்கள்! அந்த மூட்டைக்கு வரி நீங்கலாக 242 ரூபாய் விலை. மற்ற உரங்களெல்லாம் யானை விலை, இது மட்டும் பூனை விலை என்றால், ஏழை விவசாயி எதை அள்ளிப் போடுவான்? அவனைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை.

கணக்கு இதுதான். ஒரு மூட்டை யூரியாவில் சுமார் 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. தண்ணீர் கட்டாத நிலத்தில் அதில் நூற்றுக்கு ஒரு பங்கு இந்த வாயுவாகிறது என்பது சர்வதேசக் கணக்கு. நீர் நிறைந்த நெல்வயலில் அதில் பாதிக்கும் குறைவு. மூட்டைக்கு முந்நூறு கிராம் வாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். 270-ஆல் பெருக்கினால் 80 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பயிருக்கு வேண்டிய மூட்டையை நிறுத்தினால் சோறு போகும். வேண்டாத மூட்டையை நிறுத்தினால் வாயு மட்டும் போகும். இந்த இரண்டு மூட்டைகளையும் பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் சாமர்த்தியம்.

அதற்குக் கருவி இல்லையா என்றால், இருக்கிறது. இலை வண்ண அட்டை என்று ஒன்று, விலை அற்பம். நெல் இலையின் பச்சையை அட்டையிலுள்ள பச்சைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெளிறியிருந்தால் மட்டும் மேலுரம் போட வேண்டும். கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகம் இதைச் சிபாரிசு செய்கிறது. யூரியாவோடு வேப்பம்பிண்ணாக்கைக் கலந்து போட்டால் நுண்ணுயிர்களின் அவசரம் மட்டுப்படும். 2015 முதல் நம் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசியே அனுப்புவதும் இதற்காகத்தான். தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் மூட்டையில் ஒரு பகுதி மிச்சம். இவற்றில் எதற்கும் அரசாங்க உத்தரவு வேண்டாம். ஊருக்கு ஊர் வந்து சொல்லிக்கொடுக்கும் ஆள் வேண்டும். தடை உத்தரவுக்குக் காகிதம் ஒன்று போதும். சொல்லிக்கொடுக்கச் சம்பளம் கொடுக்க வேண்டும். எல்லாச் சர்க்கார்களும் காகிதத்தையே விரும்புவதற்கு இதுதான் காரணம்.

“வயலே இல்லாத தாம்பரத்துக்காரனுக்கு இதில் என்ன?” என்று கேட்பீர்கள். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகள் ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்தவை. ஆயக்கட்டில் இப்போது நாம் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். நாம் தின்னும் சோற்றிலும் பருப்பிலும் உள்ள நைட்ரஜன் நம் வயிற்றின் வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை, சுத்தம் செய்யப்படாமல் ஏரிக்குப் போனால், அங்கேயும் அதே நுண்ணுயிர், அதே ஏப்பம். தட்டில் மிச்சம் வைத்துக் கொட்டும் சோறும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவர்களைப் பார்த்தாயிற்று. அதைக் காட்டி, மூட்டைப்பூச்சியே இல்லை என்று சாதிப்பவர்களையும் பார்க்கிறோம். இரண்டு பேரும் மேடையை விட்டு இறங்கி, அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்புக்கு வரட்டும். உரம் போடுவதா வேண்டாமா என்ற விவாதத்தை நெல் இலையே தீர்த்துவைக்கும்.