பினோ நுவாரும் எங்க ஊர்ப் பனையும்

பிரான்சின் பர்கண்டியில் பினோ நுவார் என்றொரு கருந்திராட்சை. குளிர்ந்த ஊரில்தான் நன்றாக வரும். சிவப்பு ஒயினுக்குப் பேர்போனது. அதைக் காப்பாற்ற 1395-லேயே அங்கத்திய பிரபு, நிறையக் காய்க்கும் 'காமே' கொடிகளைப் பிடுங்கச் சொன்னார். 2015-ல் அந்தத் தோட்டங்களுக்கு யுனெஸ்கோ பட்டம் வேறு!

இங்கே? ராமநாதபுரத்துக் காய்ந்த மணலிலும் நிற்பது பனை. மாநில மரமாம். ஆனால் கள்ளுக்கு 1987 முதல் தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் வழக்கு. அதே அரசு 2003 முதல் டாஸ்மாக் கடையில் பிராந்தியைத் தானே சில்லறையாக விற்கிறது. (நான் ரெண்டையும் தொட்டதில்லை, நம்புங்க.)

உடல்நலம்தான் காரணமென்றால் முதலில் அந்தக் கடையை மூடட்டும். கேரளாவில் கள்ளுக்கடை லைசென்ஸோடு நடக்கிறதே... எங்கள் வணிகவியல் பாடத்தில் இதற்குப் பெயர் ஏகபோகம். மதுவிலக்கு என்று ஏன் சொல்கிறீர்கள்?