நம் ஊரை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்



தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும் நம் வீட்டுப் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்கிறோம்? ஊட்டி, கொடைக்கானல், வசதி உள்ளவர்கள் சிங்கப்பூர். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிறந்து வளர்கிற திருவள்ளூரை அந்தப் பிள்ளைகளுக்கு நம்மில் எத்தனை பேர் காட்டியிருக்கிறோம்? காலையில் பள்ளி வேன் வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறது. மாலையில் அதே வாசலில் இறக்கி விடுகிறது. பிறகு டியூஷன், அதன்பின் செல்போன். ஊர் என்பது வேன் சன்னலில் ஓடி மறைகிற காட்சியாகிவிட்டது.

நமது ஊர் முழுப் பட்டணமும் அல்ல, முழுக் கிராமமும் அல்ல. சென்ட்ரலிலிருந்து சுமார் 42 கிலோமீட்டர். மின்சார ரயிலில் போய் வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பலாம். ஊர் எல்லையைத் தாண்டினால் நெல் வயல். 1997ல் மாவட்டத் தலைநகரம் ஆனோம். 2022ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. மனைப் பிரிவுகள் நாலா பக்கமும் பெருகுகின்றன. இப்படிப்பட்ட ஊருக்கு ஓர் ஆபத்து உண்டு. இங்கே குடியிருக்கிறவர்களே இதைப் படுத்து உறங்கும் இடமாக மட்டும் நினைத்துவிடுவார்கள். பிள்ளைகளோ சென்னைக்குப் போகும்வரை காத்திருக்கிற இடமாக நினைப்பார்கள். யாரும் தனது என்று நினைக்காத ஊரில் ஏரி தூர்ந்தாலும், கால்வாய் மனையானாலும், கடைத்தெரு காலியானாலும் கேட்க ஆள் இருக்காது.

காட்டுவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருப்பதைச் சொல்கிறோம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை நம் ஊர் வழியாகத்தான் செல்கிறது. சென்ட்ரல் நிலையம் வந்ததோ 1873ல். அதற்கு முன்பே நம் ஊர் ரயிலைப் பார்த்துவிட்டது.

பேருந்தில் ஏறினால் பூண்டி. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944ல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது. சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி, அணை முடிவதைப் பார்க்காமலேயே 1943ல் மறைந்தார். அவர் பெயரையே நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். கிருஷ்ணா நதி நீர் 1996 முதல் கால்வாய் வழியாக அங்கேதான் வந்து சேர்கிறது. சென்னை குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு நம் வாசல் வழியாகப் போகிறது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? சென்னையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோமே, அந்தக் கூவத்துக்குப் பெயர் தந்த ஊரும் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

பூண்டிக்கு அருகில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர் ஆதிமனிதனின் கல் கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் பழமையானவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். இந்தியாவிலேயே மிகப் பழமையான மனிதச் சுவடுகளில் ஒன்று அது. பூண்டியில் அரசு தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து பார்க்கிறார்கள். நம் தெருப் பிள்ளைகள் பார்த்ததில்லை.

சரி, இதை ஆசிரியர்கள் சொல்லித் தரட்டுமே, வியாபாரிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஊர் முழுவதும் வந்து போகிற இடம் நம் கடை. எந்தக் கிராமத்தில் அறுவடை நடக்கிறது, யார் வீட்டில் கல்யாணம், எந்த ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்பதெல்லாம் முதலில் தெரிவது நம் கல்லாவில்தான்.

அமாவாசை தோறும் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் நோய் கரைய வேண்டும் என்று பக்தர்கள் வெல்லம் கரைக்கிறார்கள். அந்த வெல்லம் வேலூர்ப் பக்கத்திலிருந்தோ சேலம், தருமபுரியிலிருந்தோ வருகிறது. நம் அலமாரியில் உள்ள உப்பு தூத்துக்குடியினுடையது; மிளகு கேரளத்து மலையில் விளைந்தது; மஞ்சள் ஈரோடு; துவரையும் வத்தலும் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்து விலை போகின்றன. ஒரு மளிகைக் கடையைச் சுற்றிக் காட்டினால் அரை நாளில் நாட்டின் பூகோளத்தைச் சொல்லிவிடலாம். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று நம் பெரியவர்கள் அளந்த கணக்கையும், மெட்ரிக் எடை வந்த கதையையும் நம்மைத் தவிர யார் சொல்வார்கள்?

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். அப்பா பார்த்த கடை, மகன் பார்க்கிற கடை, பேரனுக்கு வேண்டாத கடை என்று நம் கடைத்தெருவில் ஷட்டர்கள் இறங்குகின்றன. சூப்பர் மார்க்கெட்டும் செல்போனில் ஆர்டர் எடுக்கும் பெரிய கம்பெனிகளும் ஒரு காரணம்தான். ஆனால் நம் வீட்டுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. “இந்தக் கஷ்டம் என்னோடு போகட்டும், நீ கடைப்பக்கம் வராதே” என்று பிள்ளையிடம் சொல்லியே வளர்க்கிறோம். கடையை இழிவாகப் பேசிவிட்டு, கடையை எடுத்து நடத்த ஆளில்லை என்று வருந்துவதில் என்ன நியாயம்?

“கடைக்காரர் பிள்ளை கடைக்காரராகவே இருக்க வேண்டுமா?” என்று நம் சங்க நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. டாக்டராகட்டும், என்ஜினியராகட்டும், வெளிநாடு போகட்டும். அவர்களைக் கல்லாவில் கட்டிப்போட நாம் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்வது வேறு. தெரியாமலேயே விலகிப் போவது வேறு. ஊரை அறிந்து வெளியே போகிற பிள்ளை, ஊருக்கு ஒன்று என்றால் திரும்பிப் பார்க்கும்.

பிள்ளைகளை மூட்டை தூக்கவோ பொட்டலம் கட்டவோ வைக்கும்படியும் நாம் சொல்லவில்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்று 2016ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் கொடுத்தாலும், அதைச் சாக்காக வைத்து ஆள் கூலியை மிச்சப்படுத்த நினைக்கக் கூடாது. பார்க்கட்டும், கேட்கட்டும், பழகட்டும், அது போதும்.

நாம் கேட்டுக்கொள்வது இதுதான். ஒவ்வோர் ஆண்டும் மே 5ஆம் நாள் கடையடைத்து வணிகர் தினம் கொண்டாடுகிறோம். அது பள்ளி விடுமுறைக் காலம். அந்த வாரத்தில் நான்கு காலைப் பொழுதுகளைப் பிள்ளைகளுக்காகச் சங்கம் ஒதுக்கட்டும். ஒரு நாள் விடியற்காலையில் காய்கறி, பூ வந்து இறங்குவதைப் பார்க்கட்டும். ஒரு நாள் ரயில் நிலையத்திலிருந்து கோயில் வரை நடக்கட்டும். ஒரு நாள் பூண்டி அணையும் அருங்காட்சியகமும். வேன் வாடகையைச் சங்கம் ஏற்கலாம். கடைசி நாள் ஆளுக்கொரு கடையில் உட்கார்ந்து கொள்முதல், பற்று வரவு, ஜி.எஸ்.டி. பில் என்று கணக்கைக் கற்றுக்கொள்ளட்டும்.

ஆண் பிள்ளைகளை மட்டும் அனுப்பாதீர்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். புதிய மனைப் பிரிவுகளில் குடியேறியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். நம் கடைப் பெயரைக்கூட அறியாமல் போனில் பொருள் வாங்குகிற வீடுகள் அவை. அந்தப் பிள்ளைகளிடம் எதையும் விற்கப் பார்க்க வேண்டாம். இது உங்கள் ஊர், இவர் உங்கள் கடைக்கார மாமா என்று பழக்கப்படுத்தினால் போதும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்க விரும்புகிறோம். பெரிய செலவு எதுவும் இல்லை. ஆளுக்கு நான்கு காலைப் பொழுது. ஊரால் வாழ்கிற நாம் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை இது. உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வந்து தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறோம்.