இடம் கொடுத்தவன் கையிலா கடைச் சாவி?

வணிகச் சகோதரர்களே! இளைஞர்களே!

கடைவீதியில் ஒரு கடை பிடிப்பதென்றால் நீங்கள் என்னென்ன கேட்கிறீர்கள்? அட்வான்ஸ் எவ்வளவு, கரண்ட் மீட்டர் தனியா, மழை பெய்தால் ஒழுகுமா, ஷட்டர் சாவி யாரிடம் இருக்கும், பக்கத்துக் கடைக்காரர் எப்படிப்பட்டவர் என்று துருவித் துருவிக் கேட்கிறீர்கள். ஒப்பந்தப் பத்திரத்தை நாலு பேரிடம் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுகிறீர்கள்.

ஆனால் இன்று உங்களில் பலருக்கு இன்னொரு கடையும் இருக்கிறது. ஆர்டரும், பணமும், வாடிக்கையாளர் முகவரியும் இரவு பகலாக வந்து விழுகின்ற சர்வர்தான் அந்தக் கடை. அதை எப்படிப் பிடித்தீர்கள்? "வருஷத்துக்கு ரெண்டாயிரம்தான் பாய், எல்லாமே அன்லிமிடெட்" என்று ஒருவர் சொன்னார். பணத்தை எடுத்து நீட்டினீர்கள். முடிந்தது கதை!

அந்த இயந்திரம் எந்த ஊரில் இருக்கிறது? அதில் உங்களோடு எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்? அதன் பாஸ்வேர்டு யார் கையில்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், தெரியுமா?

பொதுச் சூளையில் நிற்கும் வரிசை

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. பீங்கான் பேட்டையில் சொந்தச் சூளை இல்லாத பட்டறைக்காரர், அச்சில் வார்த்துக் காயவைத்த பொம்மையைப் பொதுச் சூளைக்குக் கொண்டுபோய் முறை வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். எப்போது ஏற்றுவது, எவ்வளவு சூடு, எப்போது இறக்குவது என்பதெல்லாம் அவர் கையில் இல்லை. சாதாரண நாளில் இது ஒரு குறையாகத் தெரியாது. நவராத்திரிக்கு முன்னால், கார்த்திகைக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரம் வரும்போதுதான் வாடகைச் சூளையின் அருமை தெரியும்!

மலிவு விலைக்கு விற்கப்படும் பொது சர்வரும் இதே கதைதான். ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களைத் திணித்து வைக்கிறார்கள். எவனோ ஒருவன் கடையில் கூட்டம் கூடினால் உங்கள் கடை வாசலும் அடைபடும். எவனோ ஒருவன் மோசடி மெயில் அனுப்பினால், அந்த இயந்திரத்தின் முகவரியே கறுப்புப் பட்டியலில் ஏறி, நீங்கள் அனுப்பும் பில்லும் போய்ச் சேராது.

அது என்ன 'அன்லிமிடெட்'? எல்லையில்லாத ஹார்டு டிஸ்க்கை உலகத்தில் யாராவது செய்திருக்கிறார்களா? பொடி எழுத்தில் படித்துப் பாருங்கள். புராசசர் நேரத்துக்கு ஒரு வரம்பு, ஒரே சமயத்தில் ஓடும் வேலைகளுக்கு ஒரு வரம்பு, கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு என்று எல்லாம் அங்கே இருக்கும். பெருநாளுக்கு முந்திய பத்து இரவுகளில் துணிக்கடைக்குக் கூட்டம் வருகிறது. வரம்பு தாண்டியது என்று கணக்கை நிறுத்தி வைத்து விடுகிறார்கள். வருடம் முழுக்க வாடகை கொடுத்தது இதற்காகத்தானா?

அப்படியானால் ஆளாளுக்கு ஒரு தனி சர்வர் வாங்க வேண்டுமா? வேண்டாம். ஒரு நாளைக்கு இருபது ஆர்டர் வருகிறவருக்குத் தனி சர்வர் என்பது அப்பட்டமான வீண்விரயம். இடையில் வி.பி.எஸ். என்று ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய இயந்திரத்தைத் தடுப்புச் சுவர் எழுப்பிப் பங்கு பிரித்துத் தருவார்கள். பெரும்பாலான சிறு வியாபாரிகளுக்கு அது போதும். ஆனால் மாவட்டம் முழுவதற்கும் மொத்த வியாபாரம் செய்பவர், ஒரே நேரத்தில் நூறு இருநூறு பேர் உள்ளே நிற்கிற கடைக்காரர், பல கடைகள் சேர்ந்து ஒரே இடத்தில் ஆர்டர் எடுக்கிற சங்கம், இவர்கள் இன்னும் பொதுச் சூளை வாசலில் நிற்பது பொறுக்க முடியாத அவலம்.

எதைப் பார்த்து வாங்குவது?

விற்பவர் முதலில் காட்டுவது புராசசரை. எட்டு கோர், பதினாறு கோர் என்று அடுக்குவார். கூட்டம் நெருக்கும்போது பெரும்பாலும் முதலில் மூச்சுத் திணறுவது மெமரியும் டிஸ்க்கும்தான். நீங்களே கணக்குப் போடுங்கள். 16 ஜி.பி. மெமரியில் பாதியை டேட்டாபேசும் இயந்திரத்தின் அடிப்படை வேலைகளும் எடுத்துக்கொள்கின்றன. ஒரு வாடிக்கையாளரின் ஒரு வேண்டுகோளுக்கு 80 எம்.பி. பிடிக்கிற மென்பொருள் என்று வைத்துக்கொண்டால், மீதமுள்ள இடத்தில் ஒரே சமயத்தில் நூறு வேண்டுகோள்தான் கொள்ளும். நூற்றியோராவது ஆள் வாசலில் நிற்பார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார்.

டிஸ்க் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. சுழலும் பழைய டிஸ்க், அங்கங்கே சிதறிக் கிடக்கும் பதிவுகளை நொடிக்கு நூறு இருநூறு தடவைதான் தேடி எடுக்கும். எஸ்.எஸ்.டி. பல்லாயிரம் தடவை எடுக்கும். அதையும் ஒன்றாக வாங்காதீர்கள். இரண்டு டிஸ்க்கில் ஒரே பதிவு இருக்கும்படி ரெய்டு முறையில் அமைக்கச் சொல்லுங்கள். ஒன்று செத்தாலும் கடை ஓடும்.

'99 சதவிகிதம் ஓடும்' என்று உறுதி கொடுப்பார்கள். கேட்க இனிமையாக இருக்கிறதா? மீதி ஒரு சதவிகிதம் என்பது மாதத்தில் ஏழு மணி நேரத்துக்கு மேல்! 99.9 என்றால் 43 நிமிடம். இந்த ஒரு புள்ளி ஒன்பதுக்காகச் சண்டை போடுங்கள். அதேபோல 'டேட்டா அளவே கிடையாது' என்பவரிடம் லைன் எத்தனை எம்.பி.பி.எஸ். என்று திருப்பிக் கேளுங்கள். 100 எம்.பி.பி.எஸ். லைனை மாதம் முழுவதும் இடைவிடாமல் ஓட்டினாலும் 32 டி.பி.தான் போகும். குழாயின் அளவே அதுதான் எனும்போது, அவர் என்ன அளவில்லாமல் தரப்போகிறார்?

இனி ஊர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போய்த் திரும்ப 28,000 கிலோமீட்டராவது ஆகும். எவ்வளவு விலை கொடுத்தாலும் 0.14 நொடிக்குக் கீழே இறங்காது, நடைமுறையில் 0.2 நொடியைத் தாண்டும். ஓர் ஆர்டர் முடிவதற்குள் இப்படிப் பலமுறை போய்வர வேண்டும். வாடிக்கையாளர் கடலூரிலும் சேலத்திலும் இருக்க, சர்வர் எதற்கு அமெரிக்காவில்? சென்னையிலும் மும்பையிலும் நல்ல டேட்டா சென்டர்கள் உள்ளன. உள்நாட்டில் எடுத்தால் 18 சதவிகித ஜி.எஸ்.டி.க்கு முறையான பில் வாங்கி உள்ளீட்டு வரவு எடுத்துக்கொள்ளலாம் என்பதை வணிகர்களுக்கு நாம் சொல்லித் தரத் தேவையில்லை.

"எதற்கு வாடகை? கடை மாடியிலேயே வைத்துவிடலாமே" என்கிறார்கள் சில இளைஞர்கள். ஆர்வத்தைப் பாராட்டுகிறோம். ஆனால் 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதே, கரண்ட் வர எத்தனை நாள் ஆயிற்று என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்!

தீயில் போன பதிவுகள்

'பெரிய கம்பெனிதானே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று நினைப்பவர்கள் கவனியுங்கள். 2021 மார்ச் 10ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்து சாம்பலானது. ஐரோப்பாவின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று அது! 36 லட்சம் இணைய முகவரிகள் இருண்டு போயின. வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டு வந்தார்கள். வைக்காதவர்களில் பலருக்கு எல்லாமே போயிற்று. பணம் கட்டி பேக்கப் எடுத்தவர் ஒருவர், நகலும் அதே இடத்தில்தான் இருந்தது என்று நீதிமன்றம் ஏறும்படி ஆனது.

தொழில்நுட்பத்தில் உலகுக்கே பாடம் நடத்தும் தென் கொரியா தப்பியதா? 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டி.பி. அழிந்தன. அளவு பெரிது என்று வெளியே நகல் எடுக்காமல் விட்டிருந்தார்கள்.

ரெய்டு இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். தினமும் ஒரு நகல் வேறு ஊருக்கு, வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

யார் பெயரில் பட்டா?

இதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. சர்வர் வாடகை ஏஜெண்ட் பெயரில், இணையப் பெயர் அவருடைய தம்பி பெயரில், பாஸ்வேர்டு அவர் போனில்! நாளை அவரோடு மனக்கசப்பு வந்தால் உங்கள் கடைக்கு நீங்களே வெளியாள்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது வெறும் ஆர்டர் கணக்கா? நம் வீட்டுப் பெண்களின் பெயரும், போன் நம்பரும், வீட்டு முகவரியும் இருக்கிறது. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் முஸ்லிம் பெண்களின் படங்களை 'ஏலம்' என்று போட்டு இழிவு செய்த கயவர்களை மறந்துவிட்டீர்களா? பொதுவெளியில் கிடந்த படங்களை வைத்தே அந்த ஆட்டம் ஆடினார்கள். வீட்டு முகவரியோடு ஒரு முழுப் பட்டியல் கையில் கிடைத்தால்? 2023ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தந்திருக்கிறது. சட்டம் கேள்வி கேட்பது விவரம் வாங்கிய உங்களை. இடம் வாடகைக்குக் கொடுத்தவரை அல்ல.

எனவே பெயரும், கணக்கும், மூலப் பாஸ்வேர்டும் கடை முதலாளி பெயரில் இருக்கட்டும். தனி சர்வரில் இன்னொரு பொறுப்பும் உண்டு. பராமரிப்பையும் சேர்த்துத் தருகிறார்களா, வெறும் இயந்திரம் மட்டும் தானா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெறும் இயந்திரம் என்றால் வாரா வாரம் பாதுகாப்புத் திருத்தங்களைப் போட ஓர் ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடி அலையும் இளைஞர் உங்கள் மஹல்லாவிலேயே இருப்பார். லினக்ஸ் சர்வர் நிர்வாகம் கற்றுக்கொள்ள அவருக்குச் சில மாதம் போதும், சம்பளம் கொடுங்கள்.

பணம் கட்டும் முன் இரவு இரண்டு மணிக்கு அந்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். எடுக்கிறார்களா? எடுத்தவர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறாரா, அல்லது காலையில் கூப்பிடச் சொல்கிறாரா? ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாமல் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். சீசன் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே கடையை அங்கே மாற்றிவிடுங்கள்.