ஏரிக்கரையில் இரண்டு நாள்



சென்ற ஆண்டு மே மாதத்தில் நமது பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் ஏற்காட்டிற்கு இரண்டு நாள் இன்பச் சுற்றுலா சென்று திரும்பினர். திரும்பிய மறுநாள் மாலை, படுக்கையிலிருக்கும் தம் மாமியாருக்கு நற்கருணை கொண்டுவருவது குறித்துக் கேட்க அக்குடும்பத் தலைவி பங்கு இல்லத்திற்கு வந்தார். மலைக்காற்று வாங்கி வந்தவர் முகத்தில் தெளிவைக் காணோம். "ஓய்வு எப்படி அமைந்தது, அம்மா?" என்று வினவினோம். "அடுப்பை இங்கிருந்து அங்கே தூக்கிச் சென்றேன், சாமி, பிறகு அங்கிருந்து இங்கே தூக்கி வந்தேன். ஓய்வு எங்கே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆயினும் நம்மால் சிரிக்க இயலவில்லை.

பிறகு சிறிது சிறிதாகச் செய்தி வெளிவந்தது. உறவினரையும் சேர்த்து ஒன்பது பேர். உணவகச் செலவு மிச்சமாகட்டும் என்று சமையலறையுடன் கூடிய வீடொன்றை வாடகைக்கு அமர்த்தியிருக்கின்றனர். வெள்ளியிரவு முழுவதும் புளிக்காய்ச்சல் காய்ச்சி, மாவரைத்து, பாத்திரங்களை மூட்டை கட்டி, சனியன்று விடியுமுன் வேனில் ஏறியிருக்கிறார் இந்த அம்மையார். மலைப்பாதையில் பிள்ளைகள் இருவர் வாந்தியெடுக்க, வழி நெடுகிலும் பையைப் பிடித்துக்கொண்டிருந்தவரும் இவரே. மேலே சென்றபின் குடும்பத் தலைவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தாராம். அதில் பதினான்கு இடங்கள்! லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பகோடா பாயின்ட், கரடிக் குகை, மான் பூங்கா என நீண்ட அப்பட்டியலில் கிளியூர் அருவியும் இருந்தது. ஏரியின் உபரி நீர் வழிந்து விழும் அருவி அது. நல்ல மழைக்குப் பின்னர்தான் அதற்கு உயிர். மே மாத வெயிலில் படியிறங்கிச் சென்று ஈரப் பாறையைக் கண்டு, மீண்டும் படியேறி வந்திருக்கின்றனர். ஒவ்வொரு வேளையும் திரும்பி வந்து ஒன்பது பேருக்கு உலை வைத்தவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் அக்குடும்பத் தலைவரைக் குறை கூற வரவில்லை. அவர் நல்லவர்; கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுத்தர்; கணக்கில் ஒரு காசு பிசகாதவர். வாங்கிய விடுமுறையில் ஒரு மணி நேரங்கூட வீணாகக்கூடாது என்று எண்ணினார். நாமும் அப்படித்தான். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு எடுங்கள் என்று மேலிடத்தார் சொல்கின்றனர் என்பதற்காக ஒருமுறை நண்பரான வேறொரு பங்குத் தந்தையிடம் சென்றோம். மாலை வரை இருவரும் அமர்ந்து அவருடைய கோயில் கட்டடக் கணக்கைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பினோம். நம் ஆண்டவர் திருத்தூதர்களைத் தனிமையான இடத்திற்கு அழைத்துச் சென்று சற்று இளைப்பாறச் சொன்னதை மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. அதுவும் ஏரிவழிப் படகுப் பயணமே. ஆனால் கரையேறுமுன் கூட்டம் அங்கே காத்திருந்தது! ஓய்வு தேடிப் புறப்படுவோர்க்கெல்லாம் அது கிட்டிவிடுவதில்லை என்பதற்குப் பழைய சான்று அது.

டிசம்பர் இறுதியில் அந்த எழுத்தர் நம்மிடம் வந்தார். ஜனவரிக் கடைசியில் அவர்களுடைய திருமணத்திற்கு 25 ஆண்டுகள் நிறைவுறுகின்றன. மனைவியுடன் மீண்டும் ஏற்காடு செல்ல விரும்புகிறார். அம்மையாரோ வர மறுக்கிறார். "நீங்கள் சொன்னால் கேட்பாள், சாமி" என்றார். அம்மையாரிடம் நாம் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்றும், அவருடைய பட்டியலை மட்டும் பார்க்க விரும்புகிறோம் என்றும் கூறினோம். அவர் தயங்காமல் எடுத்து நீட்டினார். பழைய பட்டியலேதான், கீழே இரண்டு இடங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தன. நாம் பென்சிலைத் தேடினோம்.

முதலில் காலம். மே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடைபெறும்; அப்போது அமைதியை நாடிச் செல்வோர் வாகன வரிசையில்தான் அமைதி காக்க வேண்டும். குளிர்ச்சியைப் பொறுத்தவரை எந்த மாதமும் ஏமாற்றாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு, ஏழு பாகை வெப்பம் குறையும் என்பது பொது விதி. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். முப்பது கிலோமீட்டர் பயணத்தில் எட்டுப் பாகை குறைந்துவிடும். திருமண நாளை ஒட்டிய வாரம் குடியரசு நாள் விடுமுறை. அறைகளும் நெருக்கடி, சாலையும் நெருக்கடி. விடுதிப் பள்ளிகள் நிறைந்த ஊராதலால் பள்ளி திறக்கும் நாள்களிலும் மூடும் நாள்களிலும் பெற்றோர் கூட்டம் வேறு. ஆகவே பிப்ரவரி முதல் வார இறுதி என்று குறித்தோம். நாள் தள்ளிப்போகிறதே என்று அவர் முகம் சுருங்கியது. இருபத்தைந்து ஆண்டு காத்தவர் இன்னும் ஒரு வாரம் காக்கலாம் என்றோம்.

அடுத்து வழி. நம் ஊரிலிருந்து சேலம் இரண்டு மணி நேரம். அங்கிருந்து மலைக்குப் பேருந்துகள் உண்டு. (சென்னை வாழ் வாசகர்கள் இரவில் ஏற்காடு விரைவு வண்டியில் ஏறினால் விடியுமுன் சேலத்தில் இறங்கலாம். பெயரை நம்பி அது மலையேறும் என்று எண்ணி அமர்ந்திருப்போர் ஈரோடு போய்ச் சேருவர்.) அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது, வயிறு நிறைய உண்டும் ஏறக்கூடாது; முன் இருக்கையில் அமர்ந்து தொலைவிலுள்ள மலையைப் பார்த்துக்கொண்டு சென்றால் தலைச்சுற்றல் பெரும்பாலும் வராது. கைபேசியைப் பார்த்துக்கொண்டு சென்றால் கட்டாயம் வரும். சொந்த வாகனத்தில் செல்லும் இளைஞர்களுக்கு ஒரு சொல்: ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பெட்ரோலை மிச்சப்படுத்த இயந்திரத்தை அணைத்து இறங்குவது உயிரைச் செலவிட்டுக் காசைச் சேமிப்பதாகும்.

தங்குமிடத்தில்தான் சற்று வாதம் நேர்ந்தது. அவர் மீண்டும் சமையலறையுள்ள வீட்டையே குறித்திருந்தார். நாம் அதை அடித்தோம். சமையலறை இல்லாத சிறு அறை, ஏரிக்கு நடந்து செல்லும் தொலைவில், இருவர் மட்டும். செலவு கூடும் என்றார். ஒன்பது பேர் பயணம் இருவர் பயணமாகும்போது எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடச் சொன்னோம். அவர் கணக்கில் வல்லவராயிற்றே, பேசாமல் ஒப்புக்கொண்டார்.

இனி, காணும் இடங்கள். பதினாறில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அடித்தோம். எஞ்சியது ஏரி. ஏரியும் காடும் சேர்ந்ததே ஏற்காடு என்பர். பெயருக்குரியதைப் பார்த்தால் ஊரைப் பார்த்தது போலத்தானே? அவர் மிகவும் வருந்தவே, விரும்பினால் என்று குறித்து இரண்டைத் திரும்பச் சேர்த்தோம். ஒன்று லேடீஸ் சீட். இருட்டியபின் அங்கிருந்து நோக்கினால் கீழே சேலத்து விளக்குகள் கொட்டிக் கிடக்கும். மற்றொன்று இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம். பூச்சி தின்னும் குடுவைச் செடியையும் அங்கே காணலாம். காப்பித் தோட்டங்களுக்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. சாலையில் நடந்தாலே இருபுறமும் அவைதாம். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இன்றும் நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர, கீழே காப்பிச் செடிகள் வளர்வதைக் காணலாம். மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று பெய்தால் சில நாள்களில் செடியெல்லாம் வெண்மையாகப் பூத்து மல்லிகை போல மணக்கும். பிப்ரவரியில் அதற்கு வாய்ப்புக் குறைவு என்றோம். பட்டியலில் எழுதிவிடுவாரோ என்ற அச்சம் நமக்கு.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி என்னாகும் என்று அவர் கேட்டார். ஏற்காட்டில் ஆலயம் இருக்கிறது. சனி மாலைத் திருப்பலியில் பங்கு கொண்டாலும் ஞாயிறு கடன் நிறைவேறும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1247-ஆம் விதியை நம்மில் பலர் பாதி மட்டும் அறிந்திருக்கிறோம். திருப்பலி காண்பதோடு, அந்நாளுக்குரிய மகிழ்ச்சியையும் மனத்திற்கும் உடலுக்கும் வேண்டிய ஓய்வையும் கெடுக்கும் வேலைகளை விலக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. நம் இல்லங்களில் ஞாயிறுதோறும் கறிச் சோறு உண்டபின் உறங்குவோர் அவ்விதியைக் கடைப்பிடிக்கின்றனர்; பாத்திரம் துலக்குவோருக்கு அவ்விதி எட்டுவதில்லை.

இவ்வளவும் முடிந்தபின் அவர் எழுந்தார். "உங்கள் அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்?" என்று கேட்டோம். மீண்டும் அமர்ந்துவிட்டார்.

பக்கவாதத்தால் விழுந்த அம்மூதாட்டியை நான்கு ஆண்டுகளாகப் பார்த்து வருபவர் மருமகளே. மே மாதப் பயணத்தில் அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, மணிக்கு ஒருமுறை தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்மையார் வர மறுத்ததற்குக் காரணம் அடுப்பு மட்டுமன்று. பிற்பாடு நாம் நற்கருணையுடன் சென்றபோது அவரே சொன்னார்: "அத்தைக்கு என் கைதான் பழக்கம், சாமி. வேறு யார் ஊட்டினாலும் புரை ஏறும்." எழுத்தருக்கு ஒரு தங்கை இருக்கிறார், தருமபுரிப் பக்கம். அவரை அழைக்கலாமே என்றோம். இதுவரை யாரும் அவரை அழைக்கவில்லை. அழைக்காததால் அவரும் வரவில்லை. வராததால் இவ்வீட்டில் ஒரு மனத்தாங்கல். நாத்தனாரைக் கேட்பது தனக்குக் குறைவு என்று அம்மையாரும், அண்ணி தன்னை வேண்டாமென்று நினைக்கிறார் என்று அந்தப் பெண்ணும் நான்கு ஆண்டுகளைக் கழித்திருக்கின்றனர். நாம் பேசவில்லை; எழுத்தரே பேசினார். தங்கை மறுநாளே வர ஒப்புக்கொண்டார்.

ஆனால் வந்தவுடன் பொறுப்பை ஒப்படைத்துவிட முடியுமா? சாய்த்து உட்கார வைத்து, கஞ்சியைச் சிறு கரண்டியால் ஊட்ட வேண்டும். மருந்து நேரம் தவறக்கூடாது. படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும். இவற்றைத் தங்கை மட்டுமன்றி மகனும் பழகட்டும் என்றோம். ஆகவே பயணத்திற்கு முந்திய வாரம், அம்மையாரை வேறு அறையில் உறங்கச் சொல்லிவிட்டு, எழுத்தரே மூன்று இரவுகள் தாயைக் கவனித்தார். நான்காம் நாள் காலைத் திருப்பலிக்கு வந்தவர் முதல் வாசகம் முடிவதற்குள் தூணில் சாய்ந்து உறங்கிவிட்டார். நற்செய்திக்கு எல்லாரும் எழுந்து நின்றபோதும் அவர் விழிக்கவில்லை. உபதேசியார் எழுப்பப் போனார். வேண்டாமென்று சைகை காட்டினோம்.

குறித்த சனிக்கிழமை இருவரும் சென்றனர். நண்பகலுக்குள் ஏரிக்கரை சேர்ந்து, உணவகத்தில் உண்டு, சற்றுக் கண்ணயர்கிறேன் என்று படுத்த அம்மையார் விளக்கு வைத்த பின்னரும் எழவில்லையாம். மாலை முழுவதும் எழுத்தர் ஏரியைத் தனியே சுற்றி வந்திருக்கிறார். லேடீஸ் சீட் போய்விட்டது. ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் அரை மணி நேரம் மிதிபடகு. அதுவும் மூடுபனியில் எதிர்க்கரை தெரியவில்லை. ஆர்க்கிட் தோட்டமும் போய்விட்டது. ஊருக்கு இரண்டே முறைதான் தொலைபேசியில் பேசினர்.

திங்கள் மாலை இருவருமாக வந்து ஒரு பொட்டலம் காப்பித்தூளைத் தந்தனர். ஒன்றையும் பார்க்கவில்லையே என்று எழுத்தருக்கு இன்னும் குறைதான். அம்மையார் அதற்குப் பதில் சொல்லவில்லை. புறப்படும்போது வாயிற்படியில் நின்று நம்மிடம் சொன்னார்: "வரும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன், சாமி. ஒவ்வொன்றிலும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். போன தடவை நான் அதைப் பார்க்கவே இல்லை."