அரங்கின் வாசலும் இசையின் பகுதியே

இசைக்கு இரங்காத உள்ளம் இல்லை என்பார்கள். ஆனால் "எந்த இசை?" என்று கேட்டுவிட்டாலோ வீட்டுக்கு வீடு வழக்குத்தான். இவ்வாண்டு எங்கள் வகுப்பிலும் அப்படியொரு வழக்கு எழுந்தது. "மேனாட்டு ராக் இசை இளைஞரைக் கெடுக்கிறதா?" என்னும் பட்டிமன்றத்தில், "இல்லை" என்று வாதாடியது எங்கள் அணி. நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தோம். கடைசியில் எதிரணித் தோழி எழுந்தாள். "1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு ராக் நிகழ்ச்சியின் வாசலில் பதினொரு பேர் நெரிசலில் மாண்டார்களே! அவர்களில் இருவர் நம்மைப் போல் பதினைந்து வயதுப் பெண்கள் ஆயிற்றே! அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. மணி அடித்தது. நாங்கள் தோற்றோம்.

தோல்விக்கு ஈடு செய்ய இக்கட்டுரையை எழுதவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. பதினொரு உயிர்களைப் பற்றிய கேள்விக்கு மௌனம் பதிலாகாது என்று எங்கள் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எழுபதுகளின் ராக் இசைத்தட்டுகளைப் பற்றியும், அவை பிறந்த அரங்கங்களைப் பற்றியும் தேடிப் படித்தோம். சிலவற்றைக் கேட்டும் பார்த்தோம். அதன் பயனாக எங்களுக்குத் தோன்றிய கருத்தை வாசகர்முன் வைக்கிறோம்.

அக்காலத்தில் ராக் குழு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாழ்வு இருந்தது எனலாம். ஒன்று ஒலிப்பதிவுக் கூடத்தில், மற்றொன்று அரங்கத்தில். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் லாங்-பிளே இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே பாட்டு அடங்கும். புதிய தட்டு வெளியானதும் குழுவினர் ஊர் ஊராகச் சென்று அப்பாடல்களை மேடையில் பாடுவார்கள். தட்டு கச்சேரிக்கு ஆள் சேர்க்கும். கச்சேரி தட்டை விற்றுக் கொடுக்கும். பிறகு இவ்விரண்டையும் ஒன்றாக்கி, கச்சேரியையே பதிவு செய்து தட்டாக வெளியிடும் வழக்கம் ஓங்கியது. அவ்விதம் வந்த தட்டுகளில்தான் பாடகரின் குரலோடு கேட்போரின் கைதட்டலும் ஆரவாரமும் நமக்குக் கேட்கின்றன.

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். 1970 பிப்ரவரி 14-ஆம் நாள் 'தி ஹூ' என்னும் குழு லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடியது. பாடிய இடம் எது தெரியுமா? மாணவர்கள் நாள்தோறும் சாப்பிடும் உணவுக்கூடம்! அன்றிரவு பதிவானதில் ஆறு பாடல்களைத் தேர்ந்து, அதே ஆண்டு மே மாதம் 'லைவ் அட் லீட்ஸ்' என்ற தட்டாக வெளியிட்டார்கள். உறையில் படம் கிடையாது. பழுப்புத் தாளில் முத்திரை குத்தியது போல் பெயர் மட்டுமே. அத்தட்டு ராக் இசையின் சிறந்த மேடைப் பதிவுகளுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. 2006-ஆம் ஆண்டில் அக்குழு அங்கே மீண்டும் வந்து பாடியது. உணவுக்கூடத்தில் நினைவுப் பலகையும் பதிக்கப்பட்டது. நல்ல இசைக்குப் பளிங்கு மண்டபம் வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அடுத்தது நியூயார்க் நகரின் 'ஃபில்மோர் ஈஸ்ட்'. இது இரண்டாம் அவென்யூவில் இருந்த பழைய நாடகக் கொட்டகை. 1968 மார்ச்சில் பில் கிரஹாம் என்பவர் இதை ராக் இசைக்காகத் திறந்தார். அவருடைய வரலாறே ஒரு கதை. பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிச் சிறுவனாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர். தாயை அக்கொடுமைக்குப் பலி கொடுத்தவர். அரங்கம் நடத்துவதில் அவர் மிகவும் கண்டிப்பானவர் என்று படித்தோம். ஏறத்தாழ 2,600 பேர் அமரும் அக்கொட்டகையில் வந்தவர்க்கு இருக்கை இருந்தது. இடங்காட்ட ஆட்கள் நின்றார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்த அவருடைய முதல் அரங்கமான ஃபில்மோரில், வருவோர் எடுத்துச் சாப்பிடுவதற்காக ஒரு பீப்பாய் நிறைய ஆப்பிள்கள் இலவசமாக வைக்கப்பட்டிருக்குமாம். கச்சேரி கேட்க வந்தவரை வீட்டுக்கு வந்த விருந்தினராக நடத்திய மனம் அது.

அந்த ஃபில்மோர் ஈஸ்டில்தான் 1971 மார்ச் 12, 13 ஆகிய நாட்களில் 'ஆல்மன் பிரதர்ஸ்' குழுவினர் பாடினார்கள். ஜூலையில் அது இரட்டைத் தட்டாக வெளிவந்தது. அதில் ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுவதையும் நிறைத்துக்கொள்கிறது! இருபது நிமிடத்துக்கும் மேலான அப்பாட்டில், கிடார் மெல்ல மெல்ல இறங்கி ஏறக்குறைய மௌனமாகும் இடங்களும் உண்டு. அவ்வேளையில் அத்தனை பேரும் மூச்சடக்கிக் காத்திருந்தது எங்களுக்குக் கேட்டது. 'ராக் என்றால் வெறும் கூச்சல்' என்போர் அந்த ஒரு பக்கத்தையாவது பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம். கேட்பவர்கள் அமைதி காத்தால்தான் வாசிப்பவர்கள் அவ்வளவு தூரம் போக முடியும். ஆகவே அத்தட்டில் பாதிப் புகழ் அங்கே அமர்ந்திருந்தவர்களுக்கும் உரியதன்றோ?

ஆனால் அத்தட்டு வெளியாகும் முன்பே, 1971 ஜூன் 27-ஆம் நாளோடு ஃபில்மோர் ஈஸ்ட் மூடப்பட்டது. ராக் குழுக்களின் புகழும் ஊதியமும் பெருகிவிட்டன. இரண்டாயிரம் பேர் அமரும் கொட்டகையில் பல நாள் பாடுவதைவிட, இருபதாயிரம் பேர் கூடும் விளையாட்டு அரங்கில் ஒரே நாள் பாடுவது வருமானத்துக்கு நல்லதாகத் தோன்றியது. பனி ஹாக்கியும் கூடைப்பந்தும் ஆடக் கட்டிய இடங்களுக்கு இசை குடிபெயர்ந்தது. எங்கள் கருத்தில், எதிரணித் தோழி கேட்ட கேள்விக்கான விடை இங்கேதான் தொடங்குகிறது.

அதற்குமுன் இன்னும் இரண்டு இரவுகளைச் சொல்லவேண்டும். 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மாந்த்ரோ நகரின் காசினோவில் ஃபிராங்க் ஸாப்பாவின் குழு வாசித்துக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்த ஒருவன் வாணத் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டான். கட்டடம் தீப்பற்றி எரிந்து முற்றும் அழிந்தது. ஆயினும் ஓர் உயிர்கூடப் போகவில்லை! இசைவிழா நடத்துநர் கிளாட் நோப்ஸ் உள்ளிட்டோர் உதவியால் மக்கள் வெளியேறித் தப்பினார்கள். அங்கே தட்டுப் பதிவு செய்ய வந்திருந்த 'டீப் பர்ப்பிள்' குழுவினர், ஏரியின்மேல் புகை பரவியதைக் கண்டு பாட்டாக்கினர். அதுதான் 1972-இல் 'மெஷின் ஹெட்' தட்டில் வந்த 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. கிடார் கற்பவர்கள் முதலில் வாசித்துப் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தானே!

மற்றோர் இரவு 1976 நவம்பர் 25, அமெரிக்கர் கொண்டாடும் நன்றியறிதல் நாள். சான் பிரான்சிஸ்கோவில், முன்பு பனிச்சறுக்கு மண்டபமாக இருந்த 'விண்டர்லேண்ட்' அரங்கில் 'தி பேண்ட்' என்னும் குழு விடைபெறும் கச்சேரியை நடத்தியது. ஏற்பாடு அதே பில் கிரஹாம். வந்த சுமார் 5,000 பேருக்கும் முதலில் வான்கோழி விருந்து, பிறகுதான் இசை. 1978-இல் அது 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' என்ற பெயரில் மூன்று தட்டுகளாகவும், மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கிய திரைப்படமாகவும் வந்தது. ஐயாயிரம் பேரை அமரவைத்துச் சோறு போட்டு அனுப்ப முடிந்ததென்றால், திரளான கூட்டம் என்றாலே விபத்துத்தான் என்று எப்படிச் சொல்வது?

இனி அந்த 1979 டிசம்பர் 3. ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகர், ஆற்றங்கரை விளையாட்டரங்கம். பாட இருந்தது அதே 'தி ஹூ' குழு. லீட்ஸ் உணவுக்கூடத்தில் பாடியவர்களுக்கு இப்போது 18,000-க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றிருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கை எண் கிடையாது. முதலில் நுழைந்தவர்க்கு மேடையருகே இடம். பின்னால் வந்தவர்க்குக் கிடைத்த இடம். ஆகவே பிற்பகலிலிருந்தே குளிரில் பல ஆயிரம் பேர் வாசலில் கூடிவிட்டனர். திறந்த கதவுகளோ மிகச் சில. உள்ளேயிருந்து இசையொலி கேட்கவே, நிகழ்ச்சி தொடங்கிவிட்டதென்று எண்ணிப் பின்னாலிருந்தவர்கள் முண்டினார்கள். முன்னாலிருந்தவர்களுக்கு நகர இடமில்லை. பதினொரு பேர் மூச்சுத் திணறி மாண்டனர். உள்ளே பாடியவர்களுக்கு நிகழ்ச்சி முடியும்வரை இது தெரிவிக்கப்படவில்லை.

இதைப் படித்த அன்று நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. பதினைந்து வயது என்றால் எங்கள் வயது. அவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளே. கச்சேரிக்கு என்ன உடுத்துவது என்று எங்களைப் போலவே தோழியோடு பேசியிருப்பார்கள். அவர்கள் உயிரைப் பறித்தது கிடாரா, டிரம்ஸா? அல்லவே அல்ல! அவர்கள் கச்சேரியை ஒரு நொடிகூடக் கேட்கவில்லை. எண்ணில்லாத டிக்கெட்டும் திறவாத கதவுகளுமே காரணம். அதே குழு லீட்ஸில் பாடியபோது எவருக்கும் தீங்கில்லை. இசை மாறவில்லை, மக்களைக் கூட்டிய முறைதான் மாறியது.

இன்னும் ஐயம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 1971 ஜனவரி 2 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஐப்ராக்ஸ் கால்பந்து மைதானத்தின் படிக்கட்டு நெரிசலில் 66 பேர் மாண்டனர். அங்கே ராக் இசை ஏது? அதற்காகக் கால்பந்து இளைஞரைக் கெடுக்கிறது என்று யாரும் பட்டிமன்றம் நடத்தவில்லை.

அதே சமயம் எங்கள் அணியும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "எங்களுக்கு இசை மட்டும் போதும், மற்றதெல்லாம் எதற்கு?" என்று ரசிகர்கள் சொல்வதும் தவறு. பின்னால் நின்று தள்ளியவர்களில் எவருக்கும் கொல்லும் எண்ணம் இருந்திருக்காது. முன்னே நிற்பவர் முகம் தெரியாததால், ஆளுக்கு ஓரடி முன்னேறினால் போதுமென்று நினைத்தார்கள். அந்த ஓரடிகள் சேர்ந்து சுவரைப் போல் அழுத்தின. குற்றம் பெரிதும் அமைப்பாளர்களுடையதே; ஆயினும் பொறுமை என்பது கேட்பவரின் பங்கு.

சின்சினாட்டி நகரம் அம்மாதமே எண்ணற்ற இருக்கை முறைக்குத் தடை விதித்தது. தடை 2004 வரை நீடித்தது. மாண்டவர்களில் மூவர் படித்த பள்ளியில், கலையும் இசையும் பயிலச் செல்லும் மாணவர்களுக்கு அவர்கள் நினைவாக உதவித்தொகை வழங்கப்படுகிறது. அம்மூவரை நேசித்தவர்கள் இசையை வெறுக்கவில்லை. இசை கற்போர்க்குக் கைகொடுத்தார்கள். எங்கள் வாதம் முழுவதையும்விட அந்தச் செயல் வலியது. 2022 மே மாதத்தில் 'தி ஹூ' குழுவினர் அந்நகருக்கு மீண்டும் வந்து பாடினார்கள்.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவன்று மண்டபத்தின் வாசலில் கையில் மணியுடன் ஒரு சிஸ்டர் நிற்பார். ஆறாம் வகுப்பு முதலில், பிறகு ஏழு, பிறகு எட்டு என்று வரிசையாகவே விடுவார். பத்தாம் வகுப்புக்குக் கடைசி முறை. நாங்கள் வெயிலில் நின்று முணுமுணுப்போம். "சின்னப் பிள்ளைகளுக்கே நல்ல இடமெல்லாம்" என்று சலித்துக்கொள்வோம். இந்த ஆண்டு நாங்கள் முணுமுணுக்கவில்லை. அந்த மணியோசை ஏன் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இசைத்தட்டில் பாட்டு பதிவாகிறது, கைதட்டல் பதிவாகிறது. வாசலில் நின்றவர்கள் பதிவாவதில்லை. அவர்களையும் நினைத்து அரங்கம் அமைப்பவரே உண்மையான இசைத்தொண்டர் என்பது எங்கள் துணிபு. அன்புத் தோழியே, உன் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். தாமதமாகச் சொன்னதற்கு மன்னிப்பாயாக. அடுத்த பட்டிமன்றத்தில் இசையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், பூட்டிய கதவை ஏற்றுவோம். அன்று நீயும் எங்கள் அணிக்கே வந்துவிடு!

— பத்தாம் வகுப்பு மாணவி