பன்னிரண்டு கோஷ்டிகளும் ஒரு சனிக்கிழமையும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி சனிக்கிழமை, ஐக்கிய அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், இலட்சத்துக்கு மேற்பட்ட சனங்கள் நிறைந்திருந்த அரங்கிலே, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்டக் கோஷ்டி தன் பரம வைரியாகிய மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் 13க்கு 10 என்ற கணக்கில் தோற்றது. அவ்வாண்டு மிச்சிகன் வலிகுன்றியிருந்தமையால், வெற்றி தமதே என உள்ளூரார் உறுதியாக நம்பியிருந்தனர். ஆட்டம் முடிந்ததும் இருதரப்பு வீரரும் கைகலக்க, பொலிசார் தலையிட நேர்ந்தது. ஐம்பத்தொரு நாட்கள் கழிந்தன. 2025 ஜனவரி 20ஆந் திகதி அதே ஒஹாயோ கோஷ்டி, அட்லாண்டா நகரில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தை 34க்கு 23 என வென்று தேசிய சம்பியன் பட்டத்தைச் சூடிக்கொண்டது.

சில ஆண்டுகளுக்கு முன்னராயின் இது நடந்திராது. இறுதிச் சுற்றில் நான்கு கோஷ்டிகளுக்கு மட்டும் இடமிருந்த 2014 முதல் 2023 வரையான பத்துப் பருவங்களில், இருமுறை தோற்ற எந்தக் கோஷ்டியும் உள்ளே புகுந்ததில்லை. ஒஹாயோவுக்கோ அது இரண்டாந் தோல்வி. 2024இல் வாசல் பன்னிரண்டு கோஷ்டிகளுக்குத் திறக்கப்பட்டமையால் அது பிழைத்தது. தோற்றாலும் பிழைக்கலாமென்றால், சனிக்கிழமைதோறும் அரங்குக்கு வந்து தொண்டை வரளக் கத்துவதற்குச் சனங்களுக்கு இனியும் மனம் வருமா? அமெரிக்கரிடையே பெரிதும் வாதிக்கப்படும் இவ்வினாவையே இவ்வாரம் எடுத்துக்கொள்கின்றோம்.

நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று இது. இருமுனையும் கூரிய பந்தைக் கையிற் பற்றி ஓடுவதும் எறிவதுமே இதில் அதிகம். காலுக்கு வேலை சொற்பம். பெயர் மட்டும் எவ்வாறோ ஒட்டிக்கொண்டது. செப்டெம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமை தோறும் ஆட்டங்கள் நடைபெறும். மாணவரும் பழைய மாணவரும் ஊராரும் குடும்பத்தோடு திரள்வர். மிச்சிகன் அரங்கில் மட்டும் 107,601 பேர் அமரலாம். சிறு நகரங்கள் பலவற்றில் அன்று கடைத்தெருவின் வியாபாரமே அந்த ஆட்டத்தை நம்பியிருக்கின்றது.

முன்னாளில் இவர்களுக்கு இறுதியாட்டம் என ஒன்று இருக்கவில்லை. 1936 முதற் பத்திரிகையாளர் வாக்களித்துத் தரவரிசை வகுத்து வந்தனர். புத்தாண்டை ஒட்டிப் பசடீனாவின் 'றோஸ் போல்' போன்ற விழா ஆட்டங்கள் நடைபெற்றன. 1998இல் முதலிரு கோஷ்டிகளை மோதவிடும் முறை வந்தது. 2014இல் அது நான்காயிற்று. வாசல் ஒடுங்கியிருந்த காலத்தில் ஒரு தோல்வியே ஆண்டு முழுவதையும் பாழாக்கக்கூடும். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் இருந்த விறுவிறுப்பு அதனால் வந்ததே.

எனினும் அம்முறையின் கொடுமையையும் சொல்லவேண்டும். 2023இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் ஆடிய பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்றது. அதன் முதன்மை ஆட்டக்காரர் காயமுற்றிருந்தார். தெரிவுக்குழு அதனைக் கருத்திற் கொண்டு அக்கோஷ்டியை ஒதுக்கியது. பின்னர் நடந்த 'ஒரேஞ்ச் போல்' ஆட்டத்திற் பல வீரர் களமிறங்கவில்லை. ஜோர்ஜியாவிடம் 63க்கு 3 என அது நொறுங்கியது. வாசல் அடைபட்டபின் ஆடுவதற்கும் பார்ப்பதற்கும் யாருக்கு மனம் வரும்? அன்றியும், பத்துப் பருவங்களில் எட்டுத் தடவை அலபாமாவே நால்வரில் ஒன்றாயிற்று. 2017 முதல் 2022 வரை மேற்குக் கரையிலிருந்து ஒரு கோஷ்டியேனும் இடம்பெறவில்லை. தம்மூர் சேராத விழாவை அப்பகுதியினர் எத்தனை ஆண்டுகள் ஆவலோடு பார்த்திருப்பர்?

சனக்கூட்டம் குறைந்தமைக்கு அமைப்பு முறையொன்றையே குற்றஞ்சாட்டுதல் நியாயமன்று. 2018இல் உயர்பிரிவு ஆட்டமொன்றுக்கு வந்தோர் சராசரி ஏறக்குறைய 42,000. 1996இன் பின் அதுவே மிகக் குறைந்த தொகை. வீட்டுத் தொலைக்காட்சியின் தெளிவு, ஏறிய ரிக்கற் விலை, விளம்பரத்துக்காக நீளும் ஆட்டம், ஒளிபரப்பாளரின் வசதிக்கு மாறும் நேரம் ஆகிய யாவும் இதிற் பங்காளிகளே. தொலைக்காட்சியும் தப்பவில்லை. 2015 டிசெம்பர் 31ஆந் திகதி மாலையும் இரவும் அரையிறுதிகளை வைத்தார்கள். புதிய மரபொன்றை உண்டாக்குவதாக அமைப்பாளர் எண்ணினர். சனங்களோ வழக்கம்போற் புத்தாண்டு விருந்துக்குப் போனார்கள். பார்த்தோர் தொகை முந்திய ஆண்டைவிட மூன்றிலொரு பங்குக்கு மேலாக வீழ்ந்தது!

தூரமும் ஒரு தொல்லை. 2019 ஜனவரியில் அலபாமாவும் கிளெம்சனும் மோதிய இறுதியாட்டம் கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில் நடைபெற்றது. இரண்டும் தென்கிழக்கைச் சேர்ந்தவை. ஒன்பது நாட்களுக்கு முன்னரே அரையிறுதிக்காக வெளியூர் சென்று கைப்பணத்தைக் கரைத்த ரசிகர், மறுபடியும் கண்டத்தின் மறுகரைக்கு எவ்வாறு செல்வர்? மறுவிற்பனையில் ரிக்கற் விலை சரிந்தது.

பன்னிருவர் முறையில் எமக்குப் பிடித்தது முதற் சுற்றேயாகும். 2024 டிசெம்பர் 20ஆந் 21ஆந் திகதிகளில் அந்நான்கு ஆட்டங்களும் பல்கலைக்கழகங்களின் சொந்த அரங்குகளில் நடைபெற்றன. நான்கிலும் உள்ளூர்க் கோஷ்டியே இலகுவாக வென்றது. ஆட்டமென்ற அளவிற் சுவை குறைவுதான். ஆயினும் உறைபனிக் குளிரில் கொலம்பஸ் அரங்கு நிறைந்தது. டென்னஸியிலிருந்து வந்த பெருங்கூட்டம் அதன் ஒரு பகுதியைத் தம் செம்மஞ்சள் நிறமாக்கிற்று. விடுமுறை தொடங்கும் நாட்களிலும் இது கூடிற்று என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் அதன்பின் ஒஹாயோ ரசிகர் பசடீனா, ஆர்லிங்டன், அட்லாண்டா என மூன்று தூர நகரங்களுக்குச் செல்லவேண்டியிருந்தது. ஓர் ஆசிரியரோ எழுதுவினைஞரோ மனைவி மக்களோடு இதனை எவ்வாறு தாங்குவார்? ஜனவரிக்கென்று பணஞ் சேர்ப்பவர் செப்டெம்பர் ஆட்டங்களைக் கைவிடுதலும் கூடும்.

இனிப் பதினாறாக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. எம்மைக் கேட்டால், தொகையைக் கூட்டுமுன் காலிறுதிகளையும் சொந்த அரங்குகளுக்குக் கொண்டுவருதல் நன்று என்போம். 2025 நவம்பர் 29ஆந் திகதி ஒஹாயோவும் மிச்சிகனும் ஆன் ஆர்பரில் மீண்டும் சந்தித்தன. ஒஹாயோவுக்கு அன்றைய தோல்வியாலும் பெரிய நட்டமில்லை. ஆயினும் பனி கொட்டிய அவ்வரங்கில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். ஒஹாயோ 27க்கு 9 என வென்றது. மிச்சிகனிடம் தொடர்ந்து நான்கு முறை தோற்றபின் கிடைத்த வெற்றி அது.