ஷினானோவும் அவசரமும்

யமாட்டோ இனப் போர்க்கப்பலாக 1940-ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய ஷினானோவை, 1942-இல் மிட்வே போரில் நான்கு விமானந்தாங்கிகளை இழந்த ஜப்பானியர், விமானந்தாங்கிக் கப்பலாக மாற்றியமைத்தனர். 1944 நவம்பர் 19-ஆம் நாள் கடற்படையிற் சேர்ந்த அப்பெருங்கலம், 29-ஆம் நாளே அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலொன்றின் நான்கு டார்பிடோக்களால் தாக்குண்டு மூழ்கிற்று. 1,400-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

பகைவரின் திறமையே இதற்குக் காரணமென்பார் உளர். அஃது முழுதும் ஒப்புதற்குரியதன்று. நீர்புகாக் கதவுகள் பல பொருத்தப்படவில்லை. அறைகள் பலவற்றின் காற்றழுத்தச் சோதனையும் அவசரத்தாற் கைவிடப்பட்டது. பணி முடியவில்லையெனக் கப்பல் தலைவர் அபே தவணை வேண்டினார், மேலிடத்தார் மறுத்தனர். அவரும் கலத்தோடு மூழ்கினார்.

ஆகவே, வேலையறிந்தோர் ‘இன்னும் ஆகவில்லை’ என்னுங்கால், நாள் குறிக்கும் அதிகாரம் படைத்தோர் செவிசாய்த்தல் கடனாம். கரையிலிருப்போரின் அவசரத்திற்குக் கடலிலிருப்போரன்றோ உயிர் கொடுக்கின்றனர்!